கடைசி அரைப்புள்ளி

அர்வைஹீர் வானிலை நிலையம். இரவு இரண்டேகால்.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
திரையில் ஒரே வரி:
நானூற்றுப் பன்னிரண்டு மேய்ப்பர்களின் பெயரும் எண்ணும்
மூச்சுவிடாமல் நீள்கின்றன,
இடையிடையே அரைப்புள்ளி.

பனிப்புயலுக்கு முன்னால்
ஷெல் அந்த வரியை வெட்டும்.
ஒரு துண்டை எடுக்கும், குறுஞ்செய்தி அனுப்பும்,
அடுத்த துண்டுக்குத் திரும்பும்.
பட்டிவாயிலில் கால் வைத்து
ஆடுகளை ஒவ்வொன்றாக விட்டு எண்ணுவதுபோல.

முதலில் இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டியது.
மேற்குச் சரிவு கன்பாத் என்ற ஒருவர்
மேற்கு, சரிவு, கன்பாத் என
மூன்று ஆளானார்.
சிரித்துக்கொண்டே வெட்டும் குறியை மாற்றினேன்.
அத்தோடு தீர்ந்தது என்றிருந்தேன்.

நேற்று தாஷ்செவெக் நேரில் வந்தார்.
காதுமடல் கறுத்திருந்தது.
கத்தவில்லை. கையுறையைக்கூடக் கழற்றவில்லை.
"எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வரும் புயல்
என்னிடம் மட்டும் சொல்லாமல் வருகிறதே, ஏன்?"
அறுபத்தொரு ஆடு, என்றார்.
கதவுவரை போய்த் திரும்பி,
ஒரு குதிரையும்.

பட்டியலில் தேடினேன்.
இருக்கிறார். எண் சரி. எழுத்துப்பிழை இல்லை.
கடைசிப் பெயர்.
அவருக்குப் பின்னால் அரைப்புள்ளி இல்லை,
வெட்டவெளிதான்.

ஸ்கிரிப்டை அடி அடியாக நடக்கவிட்டுப் பார்த்தேன்.
நானூற்றுப் பதினொன்றுவரை ஒழுங்கு.
பிறகு ஷெல் அவர் பெயரையும் படிக்கிறது,
முழுதாக, கடைசி இலக்கம்வரை,
வாங்கிக் கையில் வைத்துக்கொள்கிறது.
குறியைத் தேடி இன்னும் ஓர் அடி வைத்து
வரியின் விளிம்பில் முட்டி
"இனி இல்லை" என்கிறது.
அந்த ஒரு சொல்லை நம்பி
சுற்று நின்றுவிடுகிறது.
கைக்கு எட்டியவர் வாய்க்கு எட்டவில்லை.

சுற்று முடிந்த பிறகு
மாறியைத் திறந்து பார்த்தேன்.
உள்ளே தாஷ்செவெக்.
மூன்று குளிர்காலம், ஒவ்வொரு புயலின்போதும்
அங்கேயேதான் இருந்திருக்கிறார்,
வாசித்து முடிக்கப்பட்டு,
கூப்பிடப்படாமல்.

திருத்தம் அரை வரி:
இல்லை என்று சொன்னாலும்
கையை ஒருமுறை விரித்துப் பார்.
அதைத் தட்டச்சு செய்ய
எனக்குப் பதினோரு நொடி ஆயிற்று.
ஆட்டுக் கணக்கோடு அதை ஒப்பிடாதே
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சோதனைச் செய்தி, அவர் ஒருவருக்கு மட்டும்.
ஆறிப்போன உப்புத் தேநீரில்
ஆடை படர்ந்திருந்தது.

மூன்று மணிக்குப் பதில் வந்தது:
"வானம் தெளிவாகத்தானே இருக்கிறது.
எந்தப் புயல்?"