அரைப் பேர்

துரை வைத்த பேர் பலகையில் இருந்தது.
நாங்கள் சொன்னது கம்பித் தோட்டம்.
பீடோர்க் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும்
கம்பித் தோட்டத்து முன்னாட்டக்காரன் மருதையைத் தெரியும்.

எனக்கு அவன் முதுகுதான் தெரியும்.
நான் கோல் காப்பவன்.
மூன்று வருடமாக நான் பார்த்ததெல்லாம்
வியர்வையில் ஒட்டிய பனியன்,
கித்தாப் பால் காய்ந்து கறுத்த அரைக்கால் சட்டை,
துணி சுற்றிய வெறுங்கால் இரண்டு.
பந்து உள்ளே போனதைக்
கூட்டம் கத்தித்தான் எனக்குச் சொல்லும்.

மரத்தில் எப்படியோ அப்படியே திடலிலும்.
இடப்பக்கம் மேலே தொடங்கி
வலப்பக்கம் கீழே சரித்துக்கொண்டு வருவான்.
பட்டை சீவுகிற கனம்தான் இடைவெளி.
தடுக்க வந்தவனுக்குக் காயம் படாது,
நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நிற்பான்,
அவ்வளவுதான்.

ஈப்போவுக்குக் கூப்பிட்டார்கள் ஒரு முறை, பேராக் அணிக்கு.
பூட்ஸில் ஓடத் தெரியவில்லை என்று
தட்டச்சு செய்த கடிதம் வந்தது.
அதைக் கோப்பில் குத்தி வைத்தவனும் நான்தான்.

மற்ற நேரமெல்லாம் நான் சின்னக் கிராணி.
விடியுமுன் பிரட்டில் விளக்கு வெளிச்சத்தில்
செக்ரோலில் பேர் போடுபவன்.
முழு நாளுக்கு முழுப் பேர்.
ஆட்டத்துக்குப் போகக் கத்தியைப் பத்து மணிக்கு வைத்தவனுக்கு
அரைப் பேர்.
ஊரெல்லாம் பேர் வாங்கினவனுக்கு
சனிக்கிழமைதோறும் நான் அரைப் பேர் போட்டேன்.
கோலுக்கு அதில் கட்டம் கிடையாது.

ஒரு திங்கள்கிழமை அவன் மனைவி காமாயி
தலைத்துண்டை அவிழ்க்காமல் ஆபீஸ் வாசலில் நின்றாள்.
"சனிக்கிழமை அவரு நிறையில எத்தினி பால்?"
புரட்டினேன். குறையவில்லை.
எந்தச் சனிக்கிழமையும் குறைந்ததில்லை.
"வெட்டினது அவரு. என் மரத்துப் பால எடுத்துட்டு
அவரு மரத்துலயும் நான்தான் எடுத்தேன்.
ஸ்டோருக்கு நாலு வாளி நான் சுமந்தேன்.
பால் முழுசா வந்துச்சே,
பேர் மட்டும் ஏன் பாதி?"

எத்தனையோ பந்துக்கு
எந்தப் பக்கம் பாய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கிறது.
துரையிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.
சொல்லவில்லை.

முப்பதில் கித்தா விலை விழுந்தது.
மங்குகளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார்கள்.
ஊருக்குத் திருப்பி அனுப்பும் பட்டியலை
என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடமே தந்தார் துரை.
அறுபத்திரண்டு பேர்.
"மருதை வேண்டாம். அக்டோபரில் கிண்ணம் இருக்கிறது."
காமாயியின் தம்பி நாற்பதாவது.
அவள் தாய் நாற்பத்தொன்று.

மருதை வந்தான். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து
அவன் முகத்தை அன்றுதான் நேராகப் பார்த்தேன்.
மேலுதட்டில் ஒரு தழும்பு. எந்த ஆட்டத்தில் பட்டதோ.
"எழுதுங்க கிராணியாரே. அறுபத்து மூணு, அறுபத்து நாலு."
"கிண்ணம்?" என்றேன்.
"அதுல தண்ணி குடிக்கலாமா?"
கிண்டல் இல்லை. தெரியாமல்தான் கேட்டான்.

கடைசிச் சனிக்கிழமையும் ஆடினான். மழை.
ஊறின தோல்பந்து ஒரு வாளிப் பால் கனம்.
இரண்டு முறை கூட்டம் கத்தியது.
அன்றிரவு அவனுக்கு முழுப் பேர் போட்டேன்.
பிடிபட்டால் என் சம்பளத்தில் வெட்டு.
பெரிய கிராணி கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம்
வயிறு கலங்கியது.
யாரும் பார்க்கவில்லை.
இருபத்தைந்து சென்ட்,
மாதக் கூட்டலில் கலந்துபோயிற்று.

லாரி பிரட்டுக்கு முன்பே கிளம்பியது.

அக்டோபரில் கிண்ணத்துக்கு ஆடினோம்.
விசில் ஊதியதும் நிமிர்ந்தேன்.
நடுவில் மறைக்க ஒரு முதுகு இல்லை.
எதிர்க்கோல் முழுசாகத் தெரிந்தது,
இரண்டு கம்பம், குறுக்கே ஒன்று,
அதற்குப் பின்னால் லாலான், ரயில்பாதை.
இவ்வளவு தூரமா அது
என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே
முதல் பந்து என்னைக் கடந்தது.