ஆளில்லாத இடத்துக்கு

கோல்கீப்பருக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுதான்.
எபிநேசரின் முதுகு எனக்கு மனப்பாடம்.
எட்டாம் நம்பர் பனியன்,
எட்டின் கீழ்ச்சுழி உரிந்துபோய்
தூரத்திலிருந்து ஒன்பது மாதிரி இருக்கும்.
பந்து வருமுன்
வலத்தோள் ஒரு விரற்கடை இறங்கும்.
எங்கோ ஒரு கதவு திறக்கப்போகிறது
என்று அர்த்தம்.

முதல் வருடம், விலங்கியல்.
ஜூனில் வாங்கிய ஷூ பொங்கலுக்குள் கடித்தது.
'கால் எலும்பு ராத்திரில வளருதுடா,
சத்தம் கேக்குது' என்பான்.
பேப்பரில் ஒருமுறை படம் வந்தது,
வியாசர்பாடியின் வைரம் எபனேசன் என்று.
பெயரைப் பேனாவால் திருத்தி
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள் அவன் அக்கா.

அதன்பிறகு நாலு தோல்வி.
வைரம் போட்ட பாஸெல்லாம்
கோட்டைத் தாண்டி
சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போயின.
'யாருக்குடா போட்ட?'
கையை விரித்தான் நாமக்கல் புகழேந்தி.
திருச்சூர் பையன் மலையாளத்தில் கேட்டான்,
அதுவும் அதே கேள்விதான்.
ஒரே ஆட்டத்தில் பதினொன்று.
நான் எண்ணினேன்,
பந்து வராத நேரத்தில்
கீப்பருக்கு வேறென்ன வேலை.
இடைவேளைக்குப் பிறகு அவனை இறக்கவில்லை.
துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு
பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்,
முதுகு எனக்குத் தெரியாத மாதிரி.

பேசின் பிரிட்ஜில்
சிக்னலுக்கு நின்றது வண்டி,
அது நிற்காத நாள் ஏது.
பொட்டலத்தைப் பிரித்து
சீட்டில் பட்டாணிகளை வைத்தான்.
'இது நான்.
இங்க ரெண்டு டிஃபெண்டரு.
இந்த சந்துல உட்டா ஜிலானி வந்துருப்பான்.
மோசே இப்படி இழுத்துனு போயிருப்பான்.
டில்லிபாபு பின்னாடி.
இதுல இன்னாடா தப்பு?'

தப்பே இல்லை.
ஹவுசிங் போர்டு சி பிளாக்குக்கும்
ஈ பிளாக்குக்கும் நடுவில்,
நிறுத்திய ஆட்டோக்களுக்கு இடையே,
இரண்டு செருப்பு கோலாக,
எட்டு வயதிலிருந்து அவன் கண்ணை மூடிப் போட்டதை
யாராவது ஓடிப்போய் எடுத்தார்கள்.
இன்றைக்கு ஜிலானி ஹார்பரில்,
கன்டெய்னர் கட்டுகிறான், நைட் ஷிஃப்ட்.
மோசே ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில்.
டில்லிபாபு முட்டி போய்
முதுகில் சோற்றுப்பை சுமக்கிறான்,
ஆப்பில் அஞ்சு ஸ்டார்.
பதினொரு பாஸும் அவர்களுக்கு.
இதை நான் சொல்லவில்லை.
வண்டி நகர்ந்தது.
டிஃபெண்டர்களை முதலில் தின்றான்,
ஜிலானியைக் கடைசியில்.

அரையிறுதி.
ஒன்றுக்கு ஒன்று, எட்டு நிமிடம் பாக்கி.
கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு
அங்கங்கே நின்றார்கள் எல்லோரும்.
நடுவட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால்
அவனிடம் பந்து.
தோள் இறங்கியது.
எனக்கும் தெரிந்தது அந்த இடம்,
இடப்பக்கம், வெயில் விழுந்த புல்,
ஒரு ஆள் இல்லை.
எடுத்த கால் காற்றில் நின்றது.
அரை நொடி இருக்கும்.
திரும்பி, ஐந்தடி தள்ளி நின்ற
புகழேந்தியின் காலுக்கு உருட்டினான்,
கடைக்காரர் மீதிச் சில்லறை தருவதுபோல.
அவன் இரண்டு எட்டு வைத்து
வெளுத்தான்.
வலை குலுங்கியது.

எல்லோரும் அந்த மூலையில் குவிந்தார்கள்.
நான் மட்டும் இந்த மூலையில்,
போஸ்டைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.
எபி மெதுவாகத்தான் ஓடினான்.
நடுவில் ஒருமுறை நின்று
இடப்பக்கம் பார்த்தான்.
பந்து பொறுக்கும் பையன்
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான் அங்கே.

ராத்திரி போன் அடித்தது ஜிலானி.
'எத்தினி?'
ரெண்டு ஒண்ணு.
'எவன் போட்டான்?'
நாமக்கல்காரன்.
'குத்தது யாரு?'
எபிதான். காலுக்குக் குத்தான்.
அந்தப் பக்கம் பேச்சில்லை.
கிரேன் ஒன்று
எதையோ இறக்கும் சத்தம் மட்டும்.
பிறகு கேட்டான்,
'காலுக்கா?'