பந்தயத் தோட்டம், எண் 117

துரை தன் ஊர்க் கடற்கரையின் பெயரை
வைத்துவிட்டுப் போனார்: பெந்தயர் எஸ்டேட்.
எங்கள் வாயில் அது பந்தயத் தோட்டம்.
யார் ஓடினார்கள், யார் ஜெயித்தார்கள் என்று
சுங்காயில் ஒருவரும் கேட்டதில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதையும் விற்றாயிற்று.
வீடு வேண்டுமானால் நான்கு தலைமுறை காட்டு
என்கிறது பாரம்.
ஆகவே நான் உரக்கிடங்கில்
மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு
செக்ரோல் புரட்டுகிறேன்.
மத்தியானத்துக்குள் ஆலைக்குத் திரும்ப வேண்டும்,
எடைமேடையில் லாரிகள் நிற்கும்.

பூட்டன் பெயர் சடையன்.
கிராணி காதில் விழுந்தபடி ஐந்து விதமாக எழுதியிருக்கிறார்.
எண் மட்டும் மாறவில்லை.

1926 மார்ச். 117. ஒன்பது நாள் வேலை.
பிறகு கோடு. கோட்டின் மேல் சிவப்பு மையில்:
காய்ச்சல், மரணம்.

ஏப்ரல். 117. சடையன். இருபத்தாறு நாள் வேலை.

சிரித்துவிட்டேன்.
அப்புறம்தான் கடன் பத்தியைப் பார்த்தேன்.
மார்ச்சில் பதினோரு வெள்ளி நாற்பது காசு.
ஏப்ரலிலும் பதினோரு வெள்ளி நாற்பது காசு.
ஒரு காசும் சாகவில்லை.
மார்ச் பெருவிரலில் சுழி.
ஏப்ரல் பெருவிரலின் குறுக்கே வெட்டுத் தழும்பு.

கப்பலிறங்கிய எவனையோ நிறுத்தி
இனி நீதான் சடையன் என்றிருப்பார் கங்காணி.
விடியாத பெரட்டில்
செத்தவன் பெயருக்கு அவன் கை தூக்கியிருக்கிறான்.
அவனை அவன் பெயரால்
கடைசியாகக் கூப்பிட்டது யார்?

துரைக்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கல்லறை.
தகப்பன் பெயர், கோயில், கிராமம்
எல்லாம் கல்லில் இருக்கிறது.
போன வருஷம் ஒரு வெள்ளைக்காரி வந்து
தாள் விரித்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் போனாள்.
காற்றடித்தது. தாளின் ஒரு முனையை
நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாரத்தில் சடையன் என்றே எழுதினேன்.
பஸ்தியா என்றார் அதிகாரி.
பஸ்தி என்றேன்.

ஆடி அமாவாசைக்கு
இன்னொரு இலை போடு என்றேன் தம்பியிடம்.
நெத்திலிக் கருவாடு, கள்ளு, ஒரு சுருட்டு,
பூட்டனுக்குப் பிடித்தவை என்று அப்பா சொன்னவை,
அதெல்லாம் பிள்ளை பெற்றுக் கிழவனாகிச் செத்தவனின் நாக்கு.
பெயர்தான் ஒன்பது நாள்காரனுடையது.
இவனுக்கு என்ன பிடிக்கும்?

சோறு வைத்தேன். தண்ணீர் வைத்தேன்.
உப்பு வைக்கவா என்று
கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறான் தம்பி.