ஆம்

இரவு பதினொன்று நாற்பது. கிராண்ட்பாஸ்.
மின்விசிறி பழைய புரூஃப் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறது,
ஒன்றையும் வாசிக்காமல்.
கீழே அச்சியந்திரம் சூடேறுகிறது.
மூன்றாம் பக்கத்தில் ஆறு அங்குலம் இன்னும் வெறுமை.

திணைக்களத்தின் அறிக்கை வந்திருக்கிறது:
இலக்கம், திகதி, முத்திரை,
இருநூற்றுப் பன்னிரண்டு ஏக்கர்,
மனிதக் குடியிருப்பு அற்ற காடு.
நல்ல தாள். மடிப்புக்கூட நேர்.

அதையே இரவுச் செய்தியில் வாசித்த தொலைக்காட்சித் துண்டு.
பின்னணியில் வானத்திலிருந்து ஒரு காடு.
பக்கம் கட்டும் யூட் எட்டிப் பார்த்தான்:
"அக்கா, வாகரையில எங்க இறப்பர்?
இது களுத்துறை. வரிசையைப் பாருங்க."

பிறகு, நாலு நிமிடக் குரல் ஒன்று.
கருவாலங்குடாவில் வேடர் பிள்ளைகள்
ஒரு போனையும் கோயில் ஒலிபெருக்கியையும் வைத்து
நடத்துகிற வானொலி.
பேசுகிறவள் தெய்வானை. அவளோடு கடலும் ஒரு நாயும்.
நாற்பத்து மூன்று குடும்பம், என்கிறாள்.
கிணறுகளைப் பெயர் சொல்லி எண்ணுகிறாள்.

சவரிமுத்து சேர் சிவப்புப் பேனையால் தீர்த்துவைத்தார்:
திணைக்களம் தெரிவித்துள்ளது.
தெய்வானைக்கு ஒரு வால்.
வசிக்கிறார்களாம்.

ஆம்.
தனியே நின்றால் தலையாட்டல்.
இன்னொரு சொல்லின் முதுகில் ஏறினால்
"எனக்கென்ன தெரியும், ஆரோ சொன்னது."
பதினேழு வருடமாய் இந்த மேசையில்
அதை யாருக்கு ஒட்டுவதென்று
என்னைக் கேளாமலே கைக்குத் தெரியும்.
ஒரு பணிப்பாளருக்கும் ஒட்டியதில்லை.
சேதவத்தையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று
தண்ணீர் இடுப்பளவு என்றவளுக்கு ஒட்டினேன்.

யாரென்று சொல்ல விருப்பமில்லாவிட்டால்
'எனத் தெரியவருகிறது' இருக்கிறது.
எங்கிருந்து வருகிறது, எந்த பஸ்ஸில்,
யார் ஏற்றிவிட்டது?

பத்தரமுல்லைக்கு எடுத்தேன்.
கடமை அதிகாரி பொறுமையான மனிதர்,
தூக்கத்திலும் எனக்காகத் தமிழ் தேடினார்.
"அங்கே போய்ப் பார்த்தீர்களா?"
"வரைபடம் இருக்கு, மிஸ்."
"எந்த வருடத்து?"
காகிதம் சரசரத்தது.
"எண்பத்து நாலு."

தெய்வானைக்கும் எடுத்தேன்.
கேள்வி கேட்டது அவள்தான்.
"எந்தப் பேப்பர்? முதலாளி ஆரு?
இந்தக் கதைக்குப் பக்கத்தில ஆருட விளம்பரம்?"
பக்கத்தைப் பார்த்தேன்.
கடற்கரை விடுதி. கால்பக்கம். வர்ணத்தில்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கடல் மட்டும் கதைத்தது.

"முந்தியும் உங்கட ஆக்கள் வந்தவங்க.
அப்பாட கையில வில்லைக் குடுத்துப் படம் எடுத்தாங்க.
வில்லும் அவங்க கொண்டு வந்ததுதான்.
நாங்க வலைக்காரர்."
அந்தப் படம் எனக்குத் தெரியும்.
'அம்பு வில்லுடன் ஆதிக்குடி.'
கீழே இருந்த மூன்று சொல்லும் என்னுடையவை.
அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆனால் அவளையும் விடவில்லை.
வாகரைப் பாடசாலை ஆசிரியர் முப்பத்தெட்டு என்கிறாரே?
"ஓம். அஞ்சு குடும்பம் கொழும்பில.
வெள்ளவத்தை, தெஹிவளை, வீட்டுவேலை.
வருவாங்க எண்டுதான் எண்ணுறம்."

பன்னிரண்டு பத்துக்கு எழுதினேன்:
முப்பத்தெட்டுக் குடும்பங்கள் வசிக்கின்றன,
ஐந்து கொழும்பில், என்றார் தெய்வானை.
குடியிருப்பே இல்லையாம், திணைக்களம்.

சவரிமுத்து சேர் சிரித்தார்.
பிறகு சிரிக்காமல் அந்த வாலை வெட்டினார்.
"காலையில போன் எனக்குத்தான் வரும், பிள்ளை."
வரைபடத்தின் வயதை விட்டுவைத்தார்.
அதிகாரி நேரில் போகவில்லை என்பதையும்.
'என்றார்' என்பதில் பேனை ஒருகணம் நின்று
தாண்டிப் போனது.

இரண்டரைக்கு மட்டக்களப்பு வானில் கட்டுகள் ஏறின.
மை காயாத விரலால்
அந்தப் பழைய படத்துக்கு ஒரு திருத்தம் எழுதினேன்.
இரண்டு வரி. இன்னும் எவரும் இடம் தரவில்லை.
லாச்சியில் கிடக்கிறது.

பத்து மணிக்கு அவள் எங்களை வாசிப்பாள்,
கோயில் ஒலிபெருக்கியில், நாய் குரைக்க.
எப்படி முடிப்பாள் என்று
எனக்கு இப்போதே கேட்கிறது:

கொழும்புப் பேப்பர் ஒண்டு எழுதியிருக்காம்.