பக்கவாட்டில் ஒரு துளை

பிரின்ஸ் ஆல்பர்ட்டில் ஜனவரி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
கர்லிங் அரங்கின் பின்னறையில்
ஹீட்டர் காற்றை வறுத்துக்கொண்டிருக்கிறது.
ஐந்து பேர், ஐந்து பெட்டிகள்.
இன்னும் திறக்கவில்லை.
குளிர் குடித்து வந்த மரத்தை உடனே திறந்தால்
பூச்சு வலைவலையாய் வெடித்துவிடும்.
நாற்பது நிமிடம்
பூட்டிய பெட்டிகளைப் பார்த்தபடி காப்பி.
பேச்செல்லாம் அந்த நாற்பது நிமிடத்தில்தான்.

குதிரைமேல் இருந்த பிளாஸ்டிக் சேணத்தைப் பிடுங்கிவிட்டு
மூஸ் மானின் காலெலும்பை வைத்திருக்கிறாள் வெர்னெல்.
மைத்துனன் சுட்டது.
மூன்று நாள் வேகவைத்தாளாம்,
புருஷன் காருக்குள் படுத்தானாம்.
"கீழ்க்கம்பி இப்போது கண்ணாடி" என்கிறாள்.
கண்ணாடிதான், ஒத்துக்கொள்ள வேண்டும்.

கில்பெர்ட் முன்பலகையின் கறுப்புத் தகட்டை உரித்தெடுத்தான்.
அடியில் மரம் வெளுத்திருந்தது,
கடிகாரம் கழற்றிய மணிக்கட்டு.
தினமும் மத்தியானம் ஜன்னலோரம்
கிட்டாரை வெயில் காயவைக்கிறான்.
இந்த ஊரில், இந்த மாதத்தில், வெயில்!

ரூத்தான் ஒன்றுமே செய்யவில்லை.
ஆறு வருஷமாக அதே கம்பி, துருவேறி.
"புதுசு போட்டால்
என் தப்பெல்லாம் தெளிவாகக் கேட்கும்."

நான் சோப்பு டப்பாவில் துளையிட்டு
ஈரப் பஞ்சு அடைத்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.
எனக்கு இதில் பெருமை எதுவுமில்லை,
பலகை வெடிக்காமல் இருந்தால் சரி.

ஓரெஸ்ட் கதை வேறு.
பொன் பூசிய முறுக்காணிகள். கருங்காலி முளைகள்.
மெட்டுகளை இழைக்க ரெஜைனா வரை போய்வந்தான்.
போதாதென்று ஒரு ராத்திரி
ஒலித்துளைக்குள் முழங்கை வரை கைவிட்டு
உள்தாங்கிகளைத் தடவித் தடவிச் செதுக்கினான்,
கன்றை இழுப்பவன் மாதிரி.
செலவு ஆயிரத்து நானூறு டாலர்.
மனைவியிடம் சொன்னது நானூறு.

அன்றைக்கு வெர்னெல்தான் கிளப்பிவிட்டாள்:
எல்லோரும் சுவரைப் பார்த்து உட்காருங்கள்,
கில்பெர்ட் ஐந்தையும் வாசிக்கட்டும்,
ஒரே மூன்று கார்டு.

மூன்றாவது முடிந்ததும்
ஓரெஸ்ட் சிரித்தான்.
"இதற்குள் ஒரு ஈ மாட்டியிருக்கிறது.
யாருடையதோ, பாவம்."

யாரும் பேசவில்லை.
அரங்கில் பனிமேல் ஒரு கல் நழுவிப்போய்
இன்னொன்றை இடித்த சத்தம் மட்டும்.
அவன் திரும்பிப் பார்த்தான்.
கில்பெர்ட் மடியில் பொன் முறுக்காணிகள்.

வெர்னெல் மெதுவாகச் சொன்னாள்,
"நீ அதை மேலேயிருந்துதான் கேட்டிருக்கிறாய், ஓரெஸ்ட்.
அதன் வாய் எங்கள் பக்கம்."

பிப்ரவரியில் வட்டரம்பத்தோடு வந்தான்.
மேல் விலாவில், தன் முகத்துக்கு நேரே,
நாணயமளவு வட்டம் வரைந்து டேப் ஒட்டி
எங்கள் நடுவில் வைத்தே அறுத்தான்.
ஈட்டி மரத்தின் தூள், ஊதாவும் பழுப்புமாய்,
அவன் பூட்ஸ்மேல் கொட்டியது.
ரூத்தான் கண்ணை மூடிக்கொண்டாள்.
இருபத்திரண்டு வருஷத்து மரம்.

ஒரு கார்டு மீட்டினான்.
தலையைச் சாய்த்தான்.
இன்னொன்று.

"கேட்கிறது."
"என்ன?"
"ஈ."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்:
"எப்போதிருந்து?"
நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.
"நீ உள்ளே செதுக்கினாயே," என்றேன் நான்தான்,
"அதற்கு மறு வாரத்திலிருந்து.
ஒரு தாங்கி விட்டுப்போயிருக்கும்."

பசையும் சின்ன இடுக்கியும்
வெர்னெலின் பையில் தயாராக இருந்தன.
எத்தனை மாதமாக இருந்தனவோ.
எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

ஓரெஸ்ட் கையை உயர்த்தினான்.
"இரு, ஒட்டலாம்."
துளைமேல் முகத்தைக் குனிந்து
மறுபடி மீட்டினான்,
அந்த ஈக்காகவே
அடிக்கம்பியில் பலமாக.