கிழக்கு ஓரம், நான்கு விரல்

குழாயைத் திறந்துவிட்டால் நிறைந்துவிடும் என்றுதான்
முதல் கோடை முழுக்க நம்பினோம்.
மேற்குக் கரையில் கறுப்பு ரப்பர்
உள்பாவாடை விளிம்பு போல
எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.
கிழக்கிலோ ஓசையில்லாமல் வழிந்து
பக்கத்துவீட்டு எல்ட்யேயின் பாத்திக்குப் போனது தண்ணீர்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த வருடம் அவருடைய முட்டைக்கோஸ்
தெருவிலேயே பெரிது.

'கண்ணளவில் தோண்டினாய்' என்றேன்.
'பூமி இறங்கிவிட்டது' என்றான் பேரென்ட்.
இரண்டுக்கும் சாட்சி இருந்தது.
அவன் தோண்டிய நாளில் கையில் கயிறுகூட இல்லை,
பீர் பாட்டில்தான் இருந்தது.
ஆனால் குரோனிங்கன் மண்ணுக்கு அடியிலிருந்து
இத்தனை வருடம் வாயுவை உறிஞ்சியிருக்கிறார்கள்.
படுக்கையறைச் சுவரில்
ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல்.
அது நீள நீள
பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டுவருகிறான்.

சேதம் மதிப்பிட வந்த பெண்
விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை ஒட்டினாள்.
குளத்தையும் காட்டினோம்.
குனிந்து பார்த்து 'அழகாயிருக்கிறது' என்றாள்.
படிவத்தில் குளத்துக்குக் கட்டம் இல்லை.

மட்டம்:
சமமாயிருப்பதற்கும் அதுதான் பெயர்,
தாழ்ந்து கிடப்பதற்கும்.

அக்டோபர் சனிக்கிழமை.
இரு கரைக்கும் குறுக்கே பலகை போட்டு
ரசமட்டத்தை வைத்தான்.
குமிழி மேற்கே ஓடி ஒட்டிக்கொண்டது.
கிழக்கு, நான்கு விரல் குறைவு.
வாசற்படியில் வைத்தான். அங்கேயும் ஓடியது.
சமையலறை மேசையில் வைக்க உள்ளே வந்தான்.
'அது வேண்டாம்' என்று
கையிலிருந்து வாங்கி அலமாரிக்குள் போட்டேன்.

பாதித் தண்ணீரை வாளியில் இறைத்தோம்.
கிழக்குக் கல் ஒவ்வொன்றாகப் புரட்டினோம்.
நத்தைகள், ஒரு சோடாமூடி,
எங்களை அலட்சியமாகப் பார்த்த ஒரு தேரை.
தூங்குகிறவன் மேலிருந்து போர்வை விலக்குவதுபோல
ரப்பரை மெதுவாக மடித்துப் போட்டு
புல்கட்டிகளை வெட்டி, புல் கீழாகக் கவிழ்த்து,
இடுக்கில் களிமண் திணித்து மிதித்தோம்.
அவனுடைய பழைய பூட்ஸில் நான்,
வெறும் காலில் அவன்.
மேலே கூடத்துக் கம்பளத்தின் ஒரு துண்டு,
காபிக் கறையோடு.

ரப்பரைத் திருப்பி இழுத்தால்
ஒரு சாண் போதவில்லை.

போன வசந்தத்தில்,
பார்க்க லட்சணமாயிருக்கட்டும் என்று
ஓரத்தைக் கத்தரித்தவள் நான்தான்.
அவன் கத்தரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
பேசியிருக்கலாம்.
கால் விரல்களுக்கு நடுவே களிமண் பிதுங்க
நின்றுகொண்டே இருந்தான்.

வடக்கு மூலையில் ஒரு தடித்த மடிப்பு,
மூட்டை கட்டியதுபோல் இருக்கிறதென்று
மூன்று வருடமாக நான் குறைசொன்னது.
அதைப் பிரித்தோம்.
முழங்கால் தண்ணீரில் இறங்கி அவன் தள்ள,
கரையில் உட்கார்ந்து நான் இழுக்க,
சேறும் நாற்றமுமாக
அங்குலம் அங்குலமாய் வந்து
கல்லுக்கு அடியில் சொருக
மட்டாகப் போதுமான அளவு வந்து நின்றது.

இரவெல்லாம் குழாய் ஓடியது.
காலையில் மேற்கே கறுப்பு இல்லை.
வேலிக்கு மேல் தலை நீட்டிய எல்ட்யே கேட்டார்:
'தண்ணீரை நிறுத்திவிட்டீர்களா?'

ஜனவரியில் ஒருநாள், விடியாத நேரம்,
அலமாரிப் பாத்திரங்கள் ஒருமுறை பேசிக்கொண்டன.
நான் விளக்கைப் போட்டு
சுவரின் கண்ணாடிச் சில்லைப் பார்த்தேன்.
பேரென்ட் சுவர் பக்கமே திரும்பவில்லை.
பைஜாமாவோடு டார்ச்சை எடுத்து
தோட்டத்துக்கு ஓடினான்.

ஜன்னலைத் திறந்தேன். பனி.
கிழக்கு ஓரத்தில் குந்தியிருந்தான்.
'எப்படி இருக்கிறது?'
தண்ணீருக்கும் கல்லுக்கும் நடுவே கையை வைத்து அளந்து
எனக்குத் தூக்கிக் காட்டினான்.
எத்தனை விரல் என்று
இருட்டில் தெரியவில்லை.