பதினேழு தாள்கள்

செயின்ட் லூயிஸில் இரவு வேலை.
மிர்சாதா வரிக்குதிரை மீன்களுக்கு
ஆன்டிபயாடிக் கலந்த தண்ணீர் மாற்றுகிறாள்.
குடலில் குடியிருந்த கிருமிகள் காலிசெய்துவிட்டால்
சார்பிட்டால் கேட்பாரில்லாமல் ஈரல்வரை போய்விடும்போல.
"போல" என்றுதான்
குறிப்பேட்டிலும் எழுதியிருக்கிறார்கள்.

மைக்ராஸ்கோப்பில்
கடுகளவு ஈரல்.
அதற்குள் சிவப்புச் சாயம் குடித்த
கொழுப்புச் சொட்டுகள்.

என்வெர் லாரி ஓட்டுகிறவன்.
மது தொடமாட்டான்.
சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டு காப்பி குடிப்பதையும்
டாக்டர் சொன்ன அன்றே விட்டான்.
ஆனாலும் ஸ்கேனில் கொழுப்பு.

துவைக்க எடுத்த சட்டைப்பையில்
சர்க்கரையில்லா மிட்டாய்த் தாள்கள், பதினேழு.
போன மார்ச்சில் நிமோனியாவுக்கு
எத்தனை மாத்திரை விழுங்கினான்?

ஈரக்குலை நடுங்கியது அவளுக்கு.
மீனை வைத்து மனுஷனைச் சொல்லமுடியாது,
தெரியும்.
தாள்களை மறுபடி எண்ணினாள்.